சித்திரை வெயிலும் கிரேக்கக் கணக்கும்: வாசகர் கேள்வி-பதில்

பழங்காலக் கிரேக்கர்கள் வானத்தையும் பூமியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்டு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். மொட்டைமாடியிலோ பள்ளி மைதானத்திலோ செய்து பார்க்க முடிகிற விஷயங்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: எரட்டோஸ்தனிஸ் நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் கண்டுபிடித்தார் என்று ஏழாம் வகுப்பில் சொல்லித்தருகிறேன். பிள்ளைகளை வைத்து அதைச் செய்துகாட்ட முடியுமா? எந்த நாளில், என்னென்ன பொருள்களோடு செய்வது?
– அறிவியல் ஆசிரியை, திருமங்கலம்

பதில்: தாராளமாக முடியும். இந்தச் சோதனைக்கு மதுரை வட்டாரத்தைப்போல வாய்ப்பான இடம் அமைவது அரிது.

முதலில் அவர் செய்தது என்ன என்று பார்ப்போம். எரட்டோஸ்தனிஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர். எகிப்தின் தெற்கே சையீன் என்ற ஊரில் (இன்றைய அஸ்வான்) கோடையின் நெடும்பகல் நாளன்று உச்சிவேளையில் நிழலே விழுவதில்லை. அதே நேரத்தில் அலெக்சாந்திரியாவில் விழும் நிழல் ஒரு முழு வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு சாய்வைக் காட்டியது. இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியம் (கிரேக்கர்களின் நீள அளவு) தூரம் என்று அவர் எடுத்துக்கொண்டார். 50-ஆல் பெருக்கினால் 2,50,000 ஸ்டேடியம். பின்னால் அது 2,52,000 ஆக்கப்பட்டது. 60-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும் என்பதற்காக இருக்கலாம்.

மதுரையில் நிழலில்லா நாள் ஏப்ரல் 15 அல்லது 16, அதாவது சித்திரை பிறந்து ஓரிரு நாளில். மறுபடியும் ஆகஸ்ட் 27 வாக்கில் வருகிறது. ஆகவே அந்த நாளில் மதுரைதான் உங்களுக்குச் சையீன். அலெக்சாந்திரியாவுக்குப் பதிலாக ஐதராபாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை 78.1 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது, ஐதராபாத் 78.5-இல். கிட்டத்தட்ட நேர் வடக்கு. அட்சரேகை வேறுபாடு 7.46 பாகை. சையீனுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் எரட்டோஸ்தனிஸ் கண்ட 7.2 பாகைக்கு இது எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்! ஐதராபாத்தில் ஒரு பள்ளியோடு பேசி, அவர்களையும் அதே நாளில் அளக்கச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தேவையான பொருள்கள்: சரியாக 1 மீட்டர் நீளமுள்ள நேரான இரும்புக் கம்பி அல்லது பிவிசி குழாய், ஒரு பிளைவுட் பலகை, சார்ட் தாள், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், தூக்குக்குண்டு. பலகை ஏன் என்றால், எந்த மொட்டைமாடித் தரையிலும் மழைநீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டிருப்பார்கள். அந்தச் சாய்வே ஒரு பாகைக்கு மேல் இருக்கும். அது உங்கள் கணக்கைக் கெடுக்கும். பலகையின் கீழே அட்டைத்துண்டுகளைச் செருகி, ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். கம்பியை இரண்டு பக்கமிருந்து தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மற்றப் பக்கம் சாய்ந்திருப்பது தெரியாது.

கடிகாரத்தில் 12 மணி என்பது நமக்கு உச்சிவேளை அல்ல. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. மதுரை அதற்கு 4.4 பாகை மேற்கே இருப்பதால் ஏப்ரல் நடுவில் உச்சிவேளை 12.17-ஐத் தாண்டித்தான் வரும். ஐதராபாத்துக்கு 12.16. காலை 11.50-க்கே தொடங்கி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழல்நுனியைப் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள், 12.45 வரை தொடருங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கிழக்கு-மேற்காக ஒரு கோடு வரும். கம்பியின் அடியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக உள்ள தூரம்தான் நமக்கு வேண்டும். மதுரையில் அது பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். ஐதராபாத்தில் 13.1 செ.மீ. வர வேண்டும்.

இனி கணக்கு. ஏழாம் வகுப்புக்கு முக்கோணவியல் வேண்டாம். 100 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 628 செ.மீ. அதை 13.1-ஆல் வகுத்தால் 48. இரண்டு ஊருக்கும் இடையே வடக்கு-தெற்குத் தூரம் சுமார் 825 கி.மீ. 48 × 825 = 39,600. துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கி.மீ. எரட்டோஸ்தனிஸும் வட்டத்தில் இத்தனையில் ஒரு பங்கு என்றுதான் கணக்கிட்டார்.

எங்கெங்கே தவறும்? முதலாவது, 825-க்குப் பதிலாகச் சாலைத் தூரத்தைப் போடுவது. சாலை வளைந்து வளைந்து போகிறது. வரைபடத்தில் அளந்த நேர்த்தூரம்தான் வேண்டும். இரண்டாவது, நிழல்நுனியின் மங்கல். சூரியன் ஒரு புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் 1 மீட்டர் கம்பியின் நிழல்நுனி சுமார் 9 மி.மீ. அகலத்துக்குக் கலங்கித் தெரியும். கம்பியின் உச்சியில் 3 மி.மீ. துளை போட்ட அட்டையை ஒட்டிவிட்டால் நிழலுக்கு நடுவே ஒரு வட்ட ஒளிப்பொட்டு விழும். அதன் மையத்தைக் குறியுங்கள். கம்பி நீளத்தை அந்தத் துளை வரைக்கும் அளக்க வேண்டும். 13.1 செ.மீ.-இல் 1 மி.மீ. பிசகினாலே விடையில் 300 கி.மீ. கூடும் அல்லது குறையும். மூன்றாவது, இரண்டு பள்ளிகளும் வெவ்வேறு நாளில் அளப்பது. ஏப்ரல் நடுவில் சூரியன் நாளுக்கு 0.36 பாகை வடக்கே நகர்கிறது. ஒரு நாள் தவறினால் 6 மி.மீ. போய்விடும். ஒரே நாளில் இருவருக்கும் வசதிப்படவில்லை என்றால் டிசம்பர் 18 முதல் 25 வரை வையுங்கள். அந்த வாரம் சூரியன் வடக்கு-தெற்காக ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அப்போது மதுரையில் 65.9 செ.மீ., ஐதராபாத்தில் 86.4 செ.மீ. நிழல் வரும். இரண்டிலிருந்தும் கோணத்தைக் கண்டு கழிக்க வேண்டும் என்பதால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

திருமங்கலம் மதுரைக்குத் தெற்கே தள்ளியிருப்பதால் உங்கள் அளவில் 2 மி.மீ. அளவுக்குத்தான் மாற்றம் இருக்கும். ஆகஸ்டில் ஐதராபாத்தில் மேகம் மூடும்; ஏப்ரலையே நம்புங்கள். பிள்ளைகள் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

எரட்டோஸ்தனிஸ் ஒரு விழுக்காடுகூடப் பிசகாமல் கண்டுபிடித்தார் என்று பல புத்தகங்களில் பார்க்கலாம். அதை வகுப்பில் சொல்லாதீர்கள். ஒரு ஸ்டேடியம் எத்தனை மீட்டர் என்பதில் அறிஞர்களிடையே ஒப்புதல் இல்லை. 157.5 மீட்டர் என்றால் விடை 39,690 கி.மீ.; 185 மீட்டர் என்றால் 46,600 கி.மீ.-க்கு மேல் போகிறது. மேலும் சையீன் கடகரேகையின் மேல் சரியாக இல்லை. அலெக்சாந்திரியாவுக்கு நேர் தெற்கிலும் இல்லை, 3 பாகை கிழக்கே இருக்கிறது. அவருடைய பெருமை வழியைக் கண்டுபிடித்ததில் இருக்கிறது. அதுவே போதுமானது.

கேள்வி: பூமி தட்டையாக இருந்து, சூரியன் பக்கத்தில் இருந்தாலும் இரண்டு ஊரில் நிழல் மாறுபடுமே? அப்படியானால் இந்தச் சோதனை எதை நிரூபிக்கிறது?
– கல்லூரி மாணவர், தல்லாகுளம்

பதில்: சரியான கேள்வி. இரண்டு குச்சிகளால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. மேலே சொன்ன அளவுகளையே தட்டைப் பூமிக்குப் போட்டால், 825-ஐ 0.131-ஆல் வகுத்து, சூரியன் மதுரைக்கு மேலே 6,300 கி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று ஒரு விடை வரும். அதிலும் முரண் எதுவும் இல்லை. ஏதென்சில் வாழ்ந்த அனாக்சகோரஸ் பூமியைத் தட்டை என்றும், சூரியன் பெலோபொனீஸ் தீபகற்பத்தைவிடப் பெரிய நெருப்புப் பாறை என்றும் சொன்னார். பூமி தட்டையாக இருந்தால் சூரியனின் அளவு அந்த மாதிரிதான் இருக்க முடியும்.

தீர்ப்பதற்கு மூன்றாவது குச்சி வேண்டும், அதுவும் வெகு தூரத்தில். அதே ஏப்ரல் நாளில் ஸ்ரீநகரில் உச்சிவேளை நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து வடக்கே சுமார் 2,675 கி.மீ. தட்டைப் பூமி, 6,300 கி.மீ. உயரச் சூரியன் என்றால் 1 மீட்டர் குச்சிக்கு நிழல் 42.5 செ.மீ. வர வேண்டும். உருண்டைப் பூமி, வெகு தூரச் சூரியன் என்றால் 44.9 செ.மீ. இந்த 2.4 செ.மீ. வேறுபாட்டைத் துளை அட்டை வைத்துத் தெளிவாக அளக்கலாம். ஆக்ராவோடு நிறுத்திக்கொண்டால் வேறுபாடு 8 மி.மீ.தான், நுனி மங்கலிலேயே அது மறைந்துபோகும்.

எரட்டோஸ்தனிஸ் மூன்றாவது குச்சி வைக்கவில்லை. அவர் காலத்துக்குள் பூமி உருண்டை என்பது வேறு சான்றுகளால் ஏற்கப்பட்டுவிட்டது. சூரிய ஒளி இணையாக வருகிறது என்று வைத்துக்கொண்டுதான் அளந்தார். அந்தச் சான்றுகளை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

கேள்வி: பூமி உருண்டை என்று முதலில் சொன்ன கிரேக்கர் யார்? அதற்கு முன்னால் எல்லாரும் தட்டை என்றுதான் நம்பினார்களா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கே.கே. நகர்

பதில்: முதலில் சொன்னது பிதாகரஸா பார்மெனிடிஸா என்று பழைய எழுத்தாளர்களுக்குள்ளேயே தகராறு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பிளேட்டோவின் எழுத்தில் உருண்டைப் பூமி தெளிவாக வந்துவிடுகிறது. அதற்கு முந்தியவர்களைத் தட்டை என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவது நியாயமில்லை.

துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த மிலேட்டஸ் நகரத்து மூவரை எடுத்துக்கொள்ளுங்கள். தேல்ஸ், பூமி மரக்கட்டைபோல நீரில் மிதக்கிறது என்றார். அப்படியானால் அந்த நீரைத் தாங்குவது எது என்ற கேள்வி உடனே எழுகிறது. அவருக்கு அடுத்து வந்த அனாக்சிமாண்டர் அந்தக் கேள்வியையே வெட்டிவிட்டார். பூமியை எதுவும் தாங்கவில்லை. எல்லாத் திசையிலும் எல்லாமே சம தூரத்தில் இருப்பதால் ஒரு பக்கம் விழுவதற்கு அதற்குக் காரணமே இல்லை, அதனால் நிற்கிறது என்றார். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில், தாங்குவதற்கு ஆமையோ யானையோ நீரோ இல்லாமல் பூமியை வெட்டவெளியில் நிறுத்தியிருக்கிறார் ஒரு மனிதர்! கிரேக்க வானியலில் எங்களை மிகவும் அசரவைப்பது இதுதான். அவருடைய பூமி கல்தூணின் ஒரு துண்டுபோல உருளை வடிவம். உயரம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நாம் அதன் மேல்முகத்தில் இருக்கிறோம். சூரியனும் நிலவும் நெருப்பு நிறைந்த சக்கரங்களில் உள்ள துளைகள். துளை அடைபட்டால் கிரகணம். வடிவம் தவறு, ஆனால் கேட்ட கேள்வி சரி. அவருக்குப் பின்வந்த அனாக்சிமெனிஸ் மறுபடி ஒரு படி இறங்கி, தட்டைப் பூமி காற்றின் மேல் மூடிபோல மிதக்கிறது என்றார்.

அரிஸ்டாட்டிலிடம் வரும்போதுதான் கண்ணால் பார்க்கக்கூடிய சான்றுகள் வரிசையாகக் கிடைக்கின்றன. சந்திர கிரகணத்தின்போது நிலவின் மேல் விழும் பூமி நிழலின் விளிம்பு எப்போதும் வளைவாகவே இருக்கிறது என்றார். இதில் உயிர் ‘எப்போதும்’ என்பதில் இருக்கிறது. தட்டு வடிவப் பூமிகூட, நிலவு நள்ளிரவில் தலைக்கு மேலே இருக்கும்போது வட்ட நிழலைத் தரும். ஆனால் நிலவு உதிக்கும்போதோ மறையும்போதோ கிரகணம் நடந்தால் தட்டின் நிழல் கோடுபோல மெலிந்துவிட வேண்டும். அப்படி ஒருபோதும் நடப்பதில்லை. நீங்களே பார்க்கலாம்: மாலையில் கிரகணத்தோடு உதிக்கும் நிலவையும் நள்ளிரவுக் கிரகணத்தையும் ஒரே கேமராவில், ஒரே பெரிதாக்கத்தில் படமெடுத்து, நிழல் விளிம்பின் மேல் காம்பஸால் வட்டம் வரைந்து பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே ஆரம் கிடைக்கும், நிலவின் ஆரத்தைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேலே. முழுக் கிரகணத்துக்கு மிக அருகில் எடுத்தால் விளிம்பு சிவந்து கலங்கிவிடும். பாதி மறைந்திருக்கும்போது எடுப்பது நல்லது.

அவருடைய இன்னொரு சான்று, எகிப்திலும் சைப்ரஸிலும் தெரியும் சில நட்சத்திரங்கள் வடக்கே போனால் தெரிவதில்லை என்பது. கொஞ்ச தூரத்திலேயே இந்த மாற்றம் தெரிவதால் பூமி அப்படியொன்றும் பெரிதில்லை என்று அவர் முடிவுகட்டினார். கணிதக்காரர்கள் சொன்னதாக 4,00,000 ஸ்டேடியம் என்ற சுற்றளவையும் தருகிறார். அதே இடத்தில் நம் நாடும் வருகிறது. ஜிப்ரால்டர் பக்கத்து நிலமும் இந்தியாவும் கடலுக்கு அப்பால் அடுத்தடுத்து இருக்கலாம், இரண்டு பக்கமும் யானைகள் இருப்பதே அதற்கு அடையாளம் என்று சிலர் சொல்வதை அவர் தள்ளிவிடவில்லை. யானையை வைத்துப் பூமியின் அளவை ஊகித்தது சறுக்கல்தான்.

கேள்வி: ஆனி மாதத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் கொட்டகையின் நிழல் மத்தியானத்தில் தெற்குப் பக்கம் விழுகிறது. நிழல் வடக்கேதான் விழும் என்று பையனின் பாடப்புத்தகத்தில் இருக்கிறதாம். எது சரி?
– விவசாயி, மேலூர்

பதில்: நீங்கள் பார்த்ததுதான் சரி. ஏப்ரல் 16-க்குப் பிறகு ஆகஸ்ட் 27 வரை சூரியன் உச்சிவேளையில் நமக்கு வடக்கே இருக்கிறது. நிழல் தெற்கே விழும். ஜூன் 21 அன்று 12.19-க்கு 1 மீட்டர் குச்சியின் நிழல் தெற்கே 24 செ.மீ. இருக்கும். பாடப்புத்தகத்தில் இருப்பது கடகரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குப் பொருந்தும்.

இதே விஷயம் கிரேக்கர்களிடையே பெரிய வாக்குவாதமாக இருந்தது. சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த மெகஸ்தனிஸ், இந்தியாவின் தென்பகுதியில் நிழல் எதிர்த்திசையில் விழும், கரடி நட்சத்திரக் கூட்டம் அஸ்தமிக்கும் என்று எழுதினார். பின்னர் தூதராக வந்த டெய்மாக்கஸ் இரண்டையும் மறுத்தார். எரட்டோஸ்தனிஸ் மெகஸ்தனிஸ் பக்கம் நின்றார் என்று ஸ்ட்ராபோவின் புவியியல் நூல் சொல்கிறது. கரடி என்பது நம் சப்தரிஷி மண்டலத்தை உள்ளடக்கிய கூட்டம். கிரேக்க நாட்டில் அந்த ஏழு மீனும் அக்காலத்தில் அடிவானத்துக்குக் கீழே போனதே இல்லை. மேலூரில் ஒவ்வொரு நாளும் உதித்து மறைகின்றன. பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: தேல்ஸ் சூரிய கிரகணத்தை முன்கூட்டியே சொன்னது உண்மையா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: கி.மு. 585 மே 28 கிரகணத்தைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் ஹெரடோட்டஸ் எழுதியிருப்பது, அந்த ஆண்டுக்குள் நடக்கும் என்று தேல்ஸ் சொன்னார் என்பது மட்டுமே. ஒரு குறிப்பிட்ட ஊரில் சூரிய கிரகணம் தெரியுமா என்று கணிக்கிற வழி அந்தக் காலத்தில் யாரிடமும் இருந்ததற்குச் சான்றில்லை. நாங்கள் இதை நம்பவில்லை.

கேள்வி: நம் ஐம்பூதங்களும் கிரேக்கர்களின் பூதங்களும் ஒன்றுதானா? யாரிடமிருந்து யார் எடுத்துக்கொண்டார்கள்?
– தமிழாசிரியர், திருப்பரங்குன்றம்

பதில்: பட்டியலை மட்டும் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே போனால் வேறு. சிசிலித் தீவின் எம்பெடோக்ளிஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் நிலம், நீர், காற்று, தீ என்று நான்கைத்தான் சொன்னார். ஐந்தாவதைச் சேர்த்தது அரிஸ்டாட்டில். அதற்கு அவர் சொன்ன காரணம் இயக்கம். நிலமும் நீரும் இயல்பாகக் கீழே வருகின்றன. காற்றும் தீயும் மேலே போகின்றன. நான்கும் நேர்கோட்டில் நகர்பவை. வானத்துப் பொருள்களோ வட்டமாகச் சுற்றுகின்றன. ஆகையால் அவை வேறொன்றால் ஆனவை என்று வாதிட்டார். அந்த ஐந்தாவது பூதமான ஈதர் நிலவுக்கு மேலே மட்டும்தான் இருக்கும். அது கலக்காது, கெடாது, மாறாது.

தொல்காப்பியம் சொல்வது நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஐந்தும் கலந்த மயக்கமே உலகம் என்று. நம் விசும்பு கலக்கிறது; உடலுக்குள்ளும் இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் ஈதர் கீழே இறங்குவதே இல்லை. வானத்துக்கு ஒரு விதி, மண்ணுக்கு ஒரு விதி என்று அவர் போட்ட அந்தக் கோடு ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டு வரை அழியவில்லை. ஐந்து என்ற எண் ஒத்துப்போவதை வைத்துக் கடன் வாங்கிய கதை கட்டுவது சரியில்லை.

கேள்வி: கிரேக்கர்கள் வானத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக 55 கோளங்கள் இருப்பதாகச் சொன்னார்களாமே! எதற்கு அத்தனை?
– பாலிடெக்னிக் மாணவி, திண்டுக்கல்

பதில்: கோள்கள் கிழக்கே நகர்ந்துகொண்டே வந்து, சில வாரம் நின்று பின்னோக்கிப் போகின்றன. இதை வட்ட இயக்கங்களால் மட்டுமே விளக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை. கிரேக்கக் கணித அறிஞர் யூடாக்சஸ் சூரியனுக்கு 3, நிலவுக்கு 3, ஐந்து கோள்களுக்குத் தலா 4, நட்சத்திரங்களுக்கு 1 என்று மொத்தம் 27 கோளங்கள் வைத்தார். கலிப்பஸ் அதை 34 ஆக்கினார். இவை கணக்குக்காக வைத்தவை. அரிஸ்டாட்டில் இவற்றை ஒன்றோடொன்று உரசும் நிஜப் பொருள்களாக எடுத்துக்கொண்டதால், வெளிக்கோளத்தின் சுழற்சி உள்கோளத்துக்குத் தொற்றாமல் இருக்க எதிர்த்திசையில் சுழலும் கோளங்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்படித்தான் 55 வந்தது.

எங்கே உடைந்தது? எல்லாக் கோளங்களுக்கும் மையம் பூமி. ஆகவே ஒரு கோள் எப்போதும் பூமியிலிருந்து ஒரே தூரத்தில்தான் இருக்கும். அப்படியானால் செவ்வாய் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை ஏன் அவ்வளவு பிரகாசமாகிறது? நிலவும் ஒரே தூரத்தில் இருந்தால் சூரியனை முழுதாக மூடும் கிரகணமும், வளையம் விட்டு மூடும் கிரகணமும் இரண்டும் எப்படி நடக்கும்? கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் சொசிஜெனிஸ் இந்தக் குறைகளை எடுத்துக்காட்டினார். 2019 டிசம்பர் 26 அன்று உங்கள் திண்டுக்கல்லிலேயே தெரிந்த வளையக் கிரகணம் இந்த 55 கோளத்தையும் ஒரே காலையில் தகர்க்கப் போதுமானது.

கேள்வி: சூரியனைத்தான் பூமி சுற்றுகிறது என்று அரிஸ்டார்க்கஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியும் ஏன் யாரும் ஏற்கவில்லை? மதம் தடுத்ததா?
– வழக்கறிஞர், உசிலம்பட்டி

பதில்: சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ் அப்படிச் சொன்னார் என்பது ஆர்க்கிமிடிஸ் எழுதியதிலிருந்து தெரிகிறது. அவரைத் தெய்வ நிந்தனைக்காக விசாரிக்க வேண்டும் என்று தத்துவவாதி கிளியாந்திஸ் சொன்னதாகவும் ஒரு குறிப்பு இருக்கிறது. ஆனால் விசாரணை நடந்ததாகச் செய்தி இல்லை. ஏற்கப்படாததற்கு முதன்மைக் காரணம் மதம் அல்ல, அளவு.

பூமி அவ்வளவு பெரிய வட்டத்தில் போய்வந்தால், ஆறு மாத இடைவெளியில் நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று சற்றே இடம் மாறித் தெரிய வேண்டும். யாருக்கும் அப்படித் தெரியவில்லை. அரிஸ்டார்க்கஸின் பதில், நட்சத்திரங்கள் கற்பனைக்கெட்டாத தூரத்தில் இருக்கின்றன என்பது. அது உண்மைதான், ஆனால் அப்போது கேட்டவர்களுக்கு, சான்று இல்லாததற்குச் சொன்ன சாக்காகவே தெரிந்திருக்கும். மிக அருகிலுள்ள நட்சத்திரத்துக்கே அந்த இடமாற்றக் கோணம் ஒரு விகலைக்கும் (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) குறைவு. நல்ல கண்ணால் பிரித்தறிய முடிவது ஒரு கலை, அதாவது 60 விகலை. 1838-இல் ஃபிரெட்ரிக் பெசல் தொலைநோக்கி வைத்துத்தான் முதன்முதலில் ஒரு நட்சத்திரத்துக்கு அதை நம்பகமாக அளந்தார். பூமி சுழன்றால் மேகங்களும் பறவைகளும் பின்தங்கிவிடாவா என்று பிற்காலத்தில் தாலமி கேட்டதும், அன்றைய இயக்கவியலை வைத்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

அரிஸ்டார்க்கஸின் மற்றொரு முயற்சியை நீங்களே சோதிக்கலாம். நிலவு சரிபாதியாகத் தெரியும்போது சூரியன்-நிலவு-பூமி மூன்றும் நிலவில் செங்கோணம் அமைக்கின்றன. அப்போது பூமியிலிருந்து சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்தால், சூரியன் நிலவைவிட எத்தனை மடங்கு தூரம் என்று கணக்கிடலாம். அவர் 87 பாகை என்று எடுத்துக்கொண்டு 18-லிருந்து 20 மடங்குக்குள் என்றார். உண்மைக் கோணம் 89.85 பாகை, உண்மைத் தூரம் சுமார் 390 மடங்கு. பிசகு எங்கே? நிலவு சூரியனை விட்டு மணிக்கு அரைப் பாகை நகர்கிறது. வளர்பிறையில் சரிபாதி நிலவு, 90 பாகை வருவதற்குச் சுமார் 18 நிமிடம் முன்னால் நிகழும். அஷ்டமியன்று மாலையில் நிலவின் ஒளி-நிழல் கோடு எந்த நிமிடத்தில் நேராகிறது என்று குறித்துப் பாருங்கள். மலைகளும் பள்ளங்களும் உள்ள அந்தக் கோட்டில், இரண்டு பேர் குறித்தால் ஒரு மணி நேரமாவது வித்தியாசம் வரும். வடிவியலில் குறையில்லை, கண்ணால் எட்ட முடியாத நுட்பத்தை அது கேட்கிறது. தவறான கோணத்தை வைத்தும், சூரியன் பூமியைவிடப் பல மடங்கு பெரியது என்ற சரியான முடிவு கிடைத்துவிட்டது.

கேள்வி: அகத்தியர் என்ற நட்சத்திரத்தை வைத்துப் பூமியை அளந்ததாகக் கேள்விப்பட்டோம். அது கிரேக்கர்களுக்குத் தெரியுமா?
– சுயஉதவிக் குழு உறுப்பினர்கள், நத்தம்

பதில்: தெரியும். கனோபஸ் என்பார்கள். ஆனால் ஏதென்சில் அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. ரோட்ஸ் தீவில் அடிவானத்தைத் தொட்டு மறையும். பொசிடோனியஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி, ரோட்ஸில் அடிவானத்தில் இருக்கும் அந்த நட்சத்திரம் அலெக்சாந்திரியாவில் வட்டத்தில் 48-ல் ஒரு பங்கு உயரத்தில் நிற்கிறது, இரண்டு ஊருக்கும் 5,000 ஸ்டேடியம், ஆக 2,40,000 என்று கணக்கிட்டார். உண்மையில் அந்த உயர வேறுபாடு 7.5 பாகை அல்ல, சுமார் 5 பாகைதான். அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரத்தைக் காற்றின் ஒளிவிலகல் அரைப் பாகை தூக்கிக் காட்டும். கடல் தூரமும் மாலுமிகளின் ஊகம். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன.

நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பிப்ரவரி நடுவில் இரவு 9 மணி வாக்கில் நேர் தெற்கே பாருங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மிகப் பிரகாசமாக இருப்பது சிரியஸ். அதற்கு நேர் கீழே, அடிவானத்திலிருந்து 27 பாகை உயரத்தில் தனியாக நிற்பது அகத்தியர். பாகைமானியின் நேர்விளிம்பில் ஸ்ட்ரா ஒட்டி, மையத்தில் நூலும் சிறு நட்டும் கட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் ஸ்ட்ரா வழியே நட்சத்திரத்தைப் பார்க்க, இன்னொருவர் நூல் நிற்கும் இடத்தைப் படியுங்கள். ஒரு தடவையில் ஒரு பாகை வரை தவறும். பத்துத் தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். காற்றில் நூல் ஆடினால் நட்டை ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தொங்கவிடலாம். ஐதராபாத்தில் இதே அளவு ஏறக்குறைய 20 பாகை வரும். வேறுபாடு ஏழரை பாகை, வட்டத்தில் 48-ல் ஒரு பங்கு. பொசிடோனியஸ் சொன்ன அதே பின்னம். பகலில் குச்சி தந்த விடையை இரவில் அகத்தியரைக் கொண்டு சரிபார்த்துவிடலாம்.

கேள்வி: தாலமியின் நூலில் மதுரை வருகிறது என்கிறார்களே, வானியலாளர் தாலமியும் அவரும் ஒருவரா?
– சுற்றுலா வழிகாட்டி, தெற்கு மாசி வீதி

பதில்: ஒருவரேதான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த கிளாடியஸ் தாலமி. ‘அல்மாகெஸ்ட்’ என்று பின்னர் பெயர்பெற்ற வானியல் நூலில் 1,022 நட்சத்திரங்களைப் பட்டியலிட்டவர், புவியியல் நூலில் உலகின் ஊர்களுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்தார். அதில் ‘மொதுரா, பாண்டியனின் அரசிருக்கை’ என்று நம் ஊர் இருக்கிறது. பயணிகளிடம் இதைச் சொல்லும்போது, அவர் மதுரைக்கு வந்து பார்த்ததாகச் சேர்த்துவிடாதீர்கள். வணிகர்களும் மாலுமிகளும் சொன்ன பயணத் தூரங்களிலிருந்து இடங்களைக் கணக்கிட்டுக் குறித்தார்.

அதில் ஒரு பெரிய கோளாறும் இருக்கிறது. பூமியின் சுற்றளவை எரட்டோஸ்தனிஸின் 2,52,000 ஸ்டேடியத்திலிருந்து எடுக்காமல் 1,80,000 என்ற சிறிய அளவை அவர் பயன்படுத்தினார். பூமி சிறியது என்றால் ஒரு பாகைக்கு அடங்கும் தூரம் குறையும். அதே பயணத் தூரத்துக்கு அதிகப் பாகைகள் போட வேண்டிவரும். அதனால் அவருடைய உலகம் கிழக்கே இழுத்து நீட்டப்பட்டிருக்கிறது. தென்னிந்தியத் தீபகற்பமோ அவருடைய படத்தில் கூர்மையாகத் தெற்கே இறங்காமல், கிழக்கு-மேற்காக ஏறக்குறைய தட்டையான ஒரு கரையாகக் கிடக்கிறது. மேற்கே கப்பல் ஓட்டினால் ஆசியா பக்கம்தான் என்று 1492-இல் கொலம்பஸ் நம்பியதற்கும், சிறிய பூமியும் நீண்ட ஆசியாவும் கொண்ட இந்தப் படம் ஒரு காரணம்.